யாரும் கேட்காத தடுப்பூசி

ஹஜ்ஜுக்குப் போகும் வீட்டில் பயண ஏற்பாடுகள் எப்படி நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கடவுச்சீட்டு, இஹ்ராம் துணி, மருந்துப் பை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போதே "ஊசி போட்டாச்சா?" என்ற கேள்வியும் வந்துவிடும். அந்த ஊசி மூளை மென்சவ்வு அழற்சிக்கு எதிரானது. 1987 ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் அந்நோய் ஹாஜிகளிடையே பரவிய பின்னர்தான் சவூதி அரசு அதைக் கட்டாயமாக்கியது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் அதே பற்றீரியாவின் வேறொரு வகை கிளம்பியது. ஹாஜிகள் ஊர் திரும்பிய பிறகு, மக்காவுக்குப் போகாத அவர்களது வீட்டாரையும் அது பிடித்தது. எனவே 2002 முதல் நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி வேண்டும் என்றாயிற்று.

மஞ்சள் காய்ச்சலும் அப்படித்தான். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து இலங்கைக்கு வருபவர் ஊசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த வைரசைச் சுமக்கக்கூடிய நுளம்பு நம் வீட்டுப் பூச்சாடித் தண்ணீரிலேயே வளர்கிறது. ஒரு நோயாளி வந்தால் போதும், மீதியை நுளம்பு பார்த்துக்கொள்ளும்.

இவ்விரண்டையும் அரசாங்கங்கள் கேட்பதற்குக் காரணம் ஒன்றுதான். நோய் பயணியோடு நிற்பதில்லை, மற்றவருக்கும் போகிறது. அப்படியானால் பயணியை மட்டும் தாக்கி, அவரோடு முடிந்துவிடும் ஒரு நோய்க்கு யார் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்பதில்லை. தூதரகமும் கேட்காது, விமான நிலையமும் கேட்காது. உண்ணிவழி மூளையழற்சி அத்தகைய ஒரு நோய்.

பெயரைக் கேட்டதும் நமக்குத் தெரிந்த "உண்ணிக் காய்ச்சல்" என்று எண்ணிவிட வேண்டாம். நமது நாட்டில் அப்பெயரால் சொல்லப்படும் காய்ச்சல்கள் பற்றீரியாவால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும். உண்ணிவழி மூளையழற்சியோ வைரசால் வருவது. அதைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. இலங்கையில் இந்நோய் இல்லை. பிரான்சின் கிழக்குப் பகுதியிலிருந்து ஜேர்மனி, சுவிட்சர்லாந்து, ஒஸ்திரியா, செக் குடியரசு, போல்டிக் நாடுகள், பெலாரஸ், ரஷ்யா என்று ஜப்பான் வரைக்கும் நீளும் காட்டுப் பட்டியில்தான் அது வாழ்கிறது.

அப்படியானால் நமக்கு என்ன? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கும் பெலாரசுக்கும் போகும் நம் நாட்டு மாணவ மாணவியரை எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் குடியேறிய சொந்தங்களைப் பார்க்கப் போகும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மாவின் மகள் மின்ஸ்க் நகரில் படிக்கப் போவதாக முடிவானபோது வீட்டில் குளிரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எத்தனை கம்பளிச் சட்டை, எந்தச் சப்பாத்து, தலைக்கு என்ன என்று ஒரு மாதம் ஓடியது. உண்ணி பற்றி நான் கேட்டபோது பெரியம்மா சிரித்தார். "அந்தக் குளிர்ல பூச்சி பொட்டு எங்க மகள் இருக்கப் போகுது?" என்றார்.

நியாயமான கேள்விதான். பனிக்காலத்தில் உண்ணி மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் ஒடுங்கிவிடும். ஆனால் வெப்பம் 7 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டியதும் வெளியே வரும். ஏப்ரல் முதல் ஒக்டோபர், நவம்பர் வரை அதன் காலம். பனி உருகியவுடன் அந்நாட்டு மக்கள் காட்டை நோக்கிப் போகும் காலமும் அதுவே. காளான் பறிப்பதும் காட்டுப் பழம் பொறுக்குவதும் பெலாரசிலும் ரஷ்யாவிலும் ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல, குடும்ப வழக்கம். விடுதித் தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை "வா, காட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

இந்நோயைக் கண்டுபிடித்த கதையும் அந்தக் காடுகளில்தான் நடந்தது. 1931 இல் ஹான்ஸ் ஷ்னைடர் என்ற ஒஸ்திரிய வைத்தியர், நொயன்கிர்ஹன் என்ற ஊரில் கோடைதோறும் வந்துபோகும் ஒரு மூளை நோயை விவரித்து எழுதினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளின் பின், அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீற்றர் கிழக்கே, சோவியத் நாட்டின் தூரகிழக்குக் காடுகளில் மரம் வெட்டுவோரும் படைவீரரும் காய்ச்சலில் விழுந்து, கழுத்தும் கைகளும் செயலிழந்து இறக்கத் தொடங்கினர். 1937 இல் லெவ் ஸில்பர் என்பவரின் தலைமையில் ஒரு குழு மொஸ்கோவிலிருந்து அங்கே போனது. எலிசவேத்தா லெவ்கோவிச், அந்தோனினா ஷூப்லட்ஸே போன்ற இளம் பெண் விஞ்ஞானிகளும் அதில் இருந்தனர். காட்டுக்குள் கூடாரம் போன்ற ஆய்வுகூடத்தில் வேலை. நுளம்பா, உணவா, மூச்சா என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, உண்ணிதான் என்று சில மாதங்களிலேயே கண்டுபிடித்தார்கள். வைரசையும் பிரித்தெடுத்தார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. குழுவில் சிலரையே நோய் பிடித்தது. மிகயில் சுமாக்கோவ் என்ற இளைஞருக்குக் கேள்விப் புலனில் குறை ஏற்பட்டது. ஒரு கை செயலிழந்தது. அந்தக் கையோடுதான் அவர் பிற்காலத்தில் சோவியத் நாட்டுக் குழந்தைகளுக்கான போலியோத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் பணியை நடத்தினார். தலைவர் ஸில்பருக்கு நடந்தது இன்னும் வேதனையானது. காட்டிலிருந்து திரும்பிய அதே ஆண்டில் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் சிறையில் போடப்பட்டார். உயிரியல் பாடப் புத்தகங்களில் ஒரு வரியாக வந்துபோகும் கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

உண்ணி ஒரு பூச்சி அல்ல. எட்டுக் கால் கொண்ட, சிலந்தி இனத்தைச் சேர்ந்த உயிர். அது மரத்திலிருந்து விழாது, பாயாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். மனிதனோ மானோ உரசிக்கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும். ஆட்டிலும் நாயிலும் நாம் காணும் உப்பிய உண்ணியை நினைத்துத் தேடினால் கண்ணில் படாது. பெரும்பாலும் கடிப்பது வளர்ச்சியின் நடுப்பருவத்தில் உள்ள குஞ்சு. கசகசா விதை அளவே இருக்கும். அதன் உமிழ்நீரில் தோலை மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால் கடித்ததும் தெரியாது. நோய் வந்து வைத்தியசாலைக்குப் போனவர்களில் கணிசமானோருக்கு உண்ணி கடித்த நினைவே இருப்பதில்லை.

காட்டில் இந்த வைரசு எப்படி அழியாமல் இருக்கிறது என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மஞ்சள் கழுத்துக் காட்டெலி ஒன்றின் காதோரத்தில் பல உண்ணிகள் அருகருகே ஒட்டியிருக்கும். வைரசு உள்ள ஒன்றும் இல்லாத ஒன்றும் பக்கத்தில் இருந்து இரத்தம் குடிக்கும்போது, எலியின் தோல் வழியாகவே வைரசு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடுகிறது. எலியின் இரத்தத்தில் வைரசு பெருக வேண்டிய தேவைகூட இல்லை. ஒரே சகனில் அமர்ந்து சாப்பிடுவோரிடையே தடிமன் தொற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். மனிதனுக்கு இந்தச் சுற்றில் இடமே இல்லை. வழி தவறி நுழைந்தவன் அவன். அவனிடமிருந்து வைரசு வேறு எங்கும் போவதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள், தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீருடன் வைரசு உடலுக்குள் வந்துவிடும். அதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு இது பொருந்தாது. அந்தப் பற்றீரியா உள்ளே வரப் பல மணி நேரம் எடுக்கும், எனவே உண்ணியை விரைவாக அகற்றினால் தப்பலாம். மூளையழற்சி வைரசு அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். மற்றவர்களுக்குக் கடித்து ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல், உடல்வலி, தலைவலி தொடங்கும். சில நாட்களில் அது தணியும். அப்பாடா என்று எழுந்து நடமாடும் ஒரு வாரம் வரும். நோயின் மிகக் கொடிய குணம் இந்த இடைவெளிதான். அதன்பின் சிலருக்குக் காய்ச்சல் மீண்டும் ஏறி, இம்முறை மூளையையும் முண்ணாணையும் தாக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம், நடுக்கம், கை கால் செயலிழப்பு. ஐரோப்பிய வகையில் நோயுற்ற 100 பேரில் ஒருவர் அல்லது இருவர் இறக்கலாம். தூரகிழக்கு வகையில் 20 பேர் வரை. பிழைத்தவர்களிலும் பலர் மறதி, கவனக் குறைவு, சமநிலை இழப்பு என்று மாதக்கணக்கில், சிலவேளை வாழ்நாள் முழுதும் கஷ்டப்படுகிறார்கள். மருத்துவம் படிக்கப் போன பிள்ளைக்கு நினைவாற்றல் குறைந்தால் அது சிறிய இழப்பா?

நமக்கென்று இங்கே இரண்டு விடயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நாட்கணக்கைப் பாருங்கள். விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒஸ்திரியக் காட்டில் கடி வாங்கியவருக்குக் காய்ச்சல் வருவது கண்டியிலோ கல்முனையிலோ வீட்டுக்கு வந்த பின்னராக இருக்கலாம். முதற்கட்டக் காய்ச்சலில் வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறையும். நம் நாட்டில் இந்த அறிக்கையைப் பார்க்கும் எந்த வைத்தியரும் முதலில் டெங்கு என்றுதான் எண்ணுவார், எண்ணவும் வேண்டும். போய்வந்த இடத்தை நாம் சொன்னால்தான் அவருக்கு வேறு வழியும் தோன்றும்.

மற்றது இன்னும் நுட்பமானது. டெங்கு, ஜப்பானிய மூளையழற்சி, மஞ்சள் காய்ச்சல், உண்ணிவழி மூளையழற்சி ஆகிய நான்கின் வைரசுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் மற்றொன்றின் சோதனையிலும் தலைகாட்டி முடிவைக் குழப்பலாம். நம்மில் டெங்கு வராதவர்கள் குறைவு. ஜப்பானிய மூளையழற்சி ஊசியோ நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையிலேயே உள்ளது. ஆகவே வெளிநாட்டு வைத்தியசாலையில் இந்நோய்க்காக இரத்தம் சோதிக்க நேர்ந்தால் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய மூளையழற்சி ஊசி போட்டிருக்கிறேனே, அது போதாதா என்றும் கேட்கக்கூடாது. உறவுக்கார வைரசுகள்தான், ஆனால் ஒன்றின் ஊசி மற்றொன்றைத் தடுக்காது.

உண்ணி மட்டுமே வழி என்றும் இல்லை. பாலும் ஒரு வழி. 1951 இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ரொஷ்னியாவா நகரில் 600 க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் நோயுற்றனர். ஆட்டுப்பால் கலந்த பால் சரியாகச் சூடாக்கப்படாமல் விற்பனைக்கு வந்ததே காரணம். பழைய கதை என்று விட முடியாது. 2020 இல் பிரான்சின் ஏன் மாவட்டத்தில், காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்த சீஸ் சாப்பிட்டு 40 க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்தது. ஹலால் இறைச்சி கிடைக்காத ஊர்களில் பாலும் சீஸும் முட்டையும்தான் நம்மவர்களுக்குக் கைகொடுக்கின்றன. எனவே இது நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். கிராமத்துச் சந்தையில் "இயற்கையானது, காய்ச்சாதது" என்று பெருமையாக நீட்டப்படும் ஆட்டுப்பாலைப் பணிவாக மறுத்துவிடலாம். கொதிக்கவைத்த பாலில் இந்த வைரசு இருக்காது. கடைகளில் வரும் பாச்சர் முறையில் சூடாக்கிய பாலுக்கும் பயமில்லை.

இனித் தடுப்பூசி. 1970 களில் ஐரோப்பாவில் இந்நோயால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது ஒஸ்திரியா. ஆண்டொன்றுக்கு 600 க்கும் மேற்பட்டோர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட காலமும் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் கூன்ஸ் என்ற வைரசியலாளர் பிரித்தானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய ஊசி 1976 இல் பாவனைக்கு வந்தது. கோழிக் கருவின் கலங்களில் வைரசை வளர்த்து, கொன்று, சுத்திகரித்துச் செய்வது. இறந்த வைரசு ஆகையால் ஊசியால் நோய் வராது. போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் அசதி, சிறுவர்களுக்குச் சிலவேளை காய்ச்சல் என்பவையே வழக்கமான விளைவுகள். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

1981 முதல் ஒஸ்திரியா நாடு முழுவதும் இதைப் பெரிய இயக்கமாக நடத்தியது. காலப்போக்கில் மக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 1999 இல் நோயாளிகள் 41 பேர் மட்டுமே. ஒழுங்காக ஊசி போட்டவர்களிடத்தில் அது 96 முதல் 99 சதவீதம் வரை காப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த எண்களைப் பார்த்ததும் உயிரியல் மாணவிக்கு ஒரு எண்ணம் தோன்றும். நாட்டில் பெரும்பாலானோர் ஊசி போட்டுவிட்டால் போடாத சிலரும் அவர்களின் நிழலில் தப்பிவிடுவார்கள் அல்லவா? சின்னமுத்து, போலியோ போன்றவற்றில் கூட்டு நிர்ப்பீடனம் என்று நாம் படிப்பது அதைத்தானே? இங்கே அது நடக்காது. வைரசு மனிதரிடையே சுற்றவில்லை, எலிக்கும் உண்ணிக்கும் இடையே சுற்றுகிறது. வியன்னாவில் உள்ள அத்தனை பேரும் ஊசி போட்டாலும் காட்டில் ஓர் உண்ணிகூடக் குறையாது. ஒஸ்திரியாவில் நோய் குறைந்தது ஊசி போட்டவர்களிடத்தில் மட்டுமே. போடாதவர்களுக்கு இருந்த ஆபத்து முன்பு எவ்வளவோ அவ்வளவே இருந்தது. 2020 இல் அந்நாட்டில் நோயாளிகள் மீண்டும் 200 ஐத் தாண்டியபோதும் அவர்களில் பெரும்பாலானோர் ஊசி போடாதவர்களே.

ஹஜ் ஊசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது நம்மையும் பக்கத்தில் தொழுபவரையும் வீட்டிலிருக்கும் உம்மும்மாவையும் சேர்த்துக் காக்கிறது, ஆகவே அரசு கேட்கிறது. இதுவோ போட்டவரை மட்டும் காக்கிறது. எந்த அரசும் கேட்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆபத்து நமக்கு மட்டும் என்றே அதற்குப் பொருள்.

அதற்காக ஐரோப்பா போகும் எல்லோரும் இதைப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாரிஸிலும் லண்டனிலும் ஒரு வாரம் சுற்றிப் பார்த்து வருபவருக்குத் தேவையில்லை. ஊசி போடாத ஒருவர் உண்ணிக் காலத்தில் ஒஸ்திரியாவின் கிராமப்புறத்தில் ஒரு மாதம் தங்கினால், நோய் வரும் வாய்ப்பு 10,000 இல் ஒன்று என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சிறிய எண்தான். ஆனால் ஆறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, ஆறு கோடைகளில் காட்டுக்குப் போகும் மாணவிக்கு அது அதே எண் அல்ல. சுவிட்சர்லாந்தில் 2019 இல் ஜெனீவா, டிச்சினோ ஆகிய இரு மாநிலங்கள் தவிர்ந்த நாடு முழுவதற்கும் இந்த ஊசி பரிந்துரைக்கப்பட்டது. 2016 இல் நெதர்லாந்திலும் முதன்முறையாக உள்நாட்டில் தொற்றிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். பழைய வரைபடத்தை நம்பியிருக்க முடியாது.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்கையும் நீண்ட பாவாடையும் முக்காடும் நமக்கு ஓரளவு உதவும், ஆனால் உண்ணி துணியின் மேல் ஊர்ந்து கழுத்தையோ காதோரத்தையோ தேடிப் போகும். கறுப்பு அபாயாவில் அது ஏறினால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காட்டுக்குப் போகும் நாளில் வெளிர் நிறம் நல்லது, காலுறையைக் காற்சட்டையின் மேலே இழுத்துவிடுவது இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கலாம். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம்.

ஊசிக்குக் காலம் தேவை. முதல் ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் இரண்டாவது, அதிலிருந்து சுமார் ஐந்து முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்றாவது. அவசரமாகப் போகிறவருக்கு இரண்டாவதை 14 நாட்களிலேயே போடலாம். இரண்டு ஊசிகள் அந்தப் பருவத்துக்குக் காப்பு, மூன்றாவதுதான் அதை நீடிக்கச் செய்கிறது. மூன்று ஆண்டுகளின் பின் ஒன்று, அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று. 60 வயதைத் தாண்டியவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் உம்மும்மாமாரும் அப்பாமாரும் இதில் அடங்குவர். இந்த வயதினரிடத்தில்தான் நோய் கடுமையாக வருகிறது.

என் பெரியம்மாவின் மகள் போனது செப்டெம்பரில். மின்ஸ்க் நகரில் பனி தொடங்கும் நேரம் நெருங்கியிருந்தது. ஆகவே அவசரப்படாமல் அங்குள்ள வைத்தியரைக் கேட்டு, குளிர்காலத்திலேயே முதலிரண்டு ஊசிகளையும் போட்டுக்கொண்டார். உண்ணிகள் சருகுக்குள் உறங்கும் அந்த மாதங்களில் தொடங்குவதையே அங்குள்ள வைத்தியர்களும் விரும்புகிறார்களாம். பெரியம்மா இப்போது கம்பளிச் சட்டையைப் பற்றி விசாரிப்பதில்லை. மூன்றாவது ஊசி எப்போது என்றுதான் கேட்கிறார்.